நுரை வராத மருந்து

பன்னிரண்டு வருடம் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தேன். அமீன்கள் பாடத்தில் நான்கிணைய அம்மோனியம் உப்பு என்று ஒன்று வரும். தேர்வில் அதிலிருந்து பெரிதாக எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. அதனால் இரண்டு நிமிடத்தில் அதை முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். அதே உப்போடு தினமும் எட்டு மணி நேரம் குடித்தனம் நடத்துவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பள்ளியை விட்டதற்குக் காரணம் என் தொண்டை. அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வருடக்கணக்காகக் கத்திக் கத்தி, குரல்நாணில் கொப்புளம் வந்துவிட்டது. இனி கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தாமல் பாடம் எடுக்க எனக்குத் தெரியாது. நாலைந்து மாதம் வீட்டில் இருந்தேன். பீர்க்கன்கரணை ஏரிக் காற்றும் மகளின் ஹிந்தி சீரியலுமாகப் பொழுது போனது. அப்போதுதான் சர்ச்சில் என் பக்கத்தில் நின்று பாடும் தோழி ஒரு வேலை சொன்னாள். சிறுசேரியில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கட்டடம். அங்கே துப்புரவு ஒப்பந்தம் எடுத்திருக்கும் நிறுவனத்துக்கு, மருந்துகளைப் பார்த்துக்கொள்ளவும் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் வேதியியல் படித்த ஆள் வேண்டுமாம்.

"எம்.எஸ்சி. படிச்சிட்டு ஃபினாயில் ஊத்தப் போறியா?" என்றார் என் கணவர்.

"ஃபினாயில் இல்ல. குவாட்."

"குவாட்டரா? சர்ச்சுல யார்கிட்டயும் சொல்லிடாத."

அந்த ஜோக்கை அவர் இன்று வரை விடவில்லை.

குவாட் என்பது அந்த நான்கிணைய அம்மோனியம் உப்புக்குத் துப்புரவுத் தொழிலில் வழங்கும் சுருக்கப் பெயர். உண்மையில் அந்த உப்பு எனக்குப் புதிதல்ல. எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் என் புராஜெக்ட்டே அதன் ஒரு வகையோடுதான். எண்ணெயில் கரைந்ததையும் தண்ணீரில் கரைந்ததையும் ஒன்றோடு ஒன்று வினைபுரிய வைக்கும் வேலையை அந்த வெள்ளைத் தூள் செய்தது. ஒரு ஐப்பசி மழை நாளில் பாட்டிலைச் சரியாக மூடாமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சித் தூள் முழுவதும் ஈர உப்பு மாதிரிக் கட்டிதட்டிக் கிடந்தது. புரொஃபசர் என்னைத் திட்டவில்லை. பாட்டிலை என் மேஜையின் மேல் ஒரு வாரம் வைத்திருந்தார். திட்டியிருந்தால் சீக்கிரம் மறந்திருப்பேன்.

சிறுசேரிக்குப் பெருங்களத்தூரிலிருந்து கம்பெனி வேன் வரும். வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் சாலை முழுக்க ஊர்ந்து, ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கும். முதல் வாரமே பயிற்சி வகுப்பு. பேஸ்மென்ட்டில் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறை. இருபது பேருக்கு மேல் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். படம் போட்டு விளக்கினேன். "நைட்ரஜனுக்கு நாலு கை. நாலு கையிலயும் ஆள் பிடிச்சிருக்கு. அதனால அது எப்பவும் நேர்மின்சுமையோட இருக்கும். கிருமியோட தோல் எதிர்மின்சுமை. ரெண்டும் ஒட்டிக்கும். ஒட்டினதும் கிருமியோட தோல் கிழிஞ்சிடும்." எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"டீ எப்ப டீச்சர் வரும்?"

அப்படித்தான் அந்த அக்கா எனக்கு அறிமுகமானார். கோவளம் பக்கத்து மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இருபது வருடம் கூடையில் மீன் விற்றவர். முழங்கால் வலி வந்ததும் அலைச்சல் வேண்டாம் என்று இந்த வேலைக்கு வந்திருந்தார். மேனேஜரை மட்டும் "சார், நீங்க" என்பார். மற்ற எல்லாரையும் "நீ"தான், என்னையும் சேர்த்து. அவர் பேசினால் மூன்று மாடிக்குக் கேட்கும். மற்றவர்கள் எதையாவது செய்வதற்கு முன்னால் அவர் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள் என்பதைக் கவனிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

அந்த மாதத்தில்தான் புகார் வந்தது. ஃபுட் கோர்ட் தரை ஒட்டுகிறதாம். நடந்தால் செருப்பு 'பச், பச்' என்கிறதாம். மேனேஜர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தரையில் இரண்டு முறை நடந்து காட்டினார். "மேடம், சினிமா தியேட்டர்ல பாப்கார்ன் கொட்டின இடம் மாதிரி இருக்கு. கெமிக்கல் உங்க டிபார்ட்மென்ட்."

மருந்தில் தவறு இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அளவுக் கப்பை நானேதான் வாங்கிக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலையில் ஃபுட் கோர்ட் திறக்கும் முன்னால் போய் ஓரமாக நின்று பார்த்தேன். அக்கா பக்கெட்டில் தண்ணீர் பிடித்தார். கேனைத் தூக்கி, சாம்பாரில் எண்ணெய் ஊற்றும் கைப்பக்குவத்தில் மருந்தை ஊற்றினார். கப் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. பிறகு இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். அதிலிருந்து துணி சோப்புத்தூளை இரண்டு பிடி போட்டு, வெறும் கையால் கலக்கினார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

அவர் பதறவில்லை. "இன்னா டீச்சர் காலங்காத்தால? ஒண்ணும் இல்ல, நுரைக்கு. உன் மருந்துல நுரையே வர மாட்டேங்குது. நுரை வராத மருந்து இன்னா மருந்து?"

"வகுப்புல சொன்னேனே, சோப்போட கலக்கக் கூடாதுன்னு!"

"நீ நைட்ரஜன் கையப் பத்திதான் சொல்லிகினு இருந்த. சோப்பப் பத்தி எப்ப சொன்ன?"

யோசித்துப் பார்த்தேன். கடைசி ஸ்லைடில், கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. அதற்குள் டீ வந்துவிட்டது.

கத்த முடியாத தொண்டை அன்று எனக்கு உதவி செய்தது. ஃபுட் கோர்ட் மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளரை வைத்தேன். ஒன்றில் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரை ஊற்றித் தெளியவிட்டேன். இன்னொன்றில் மருந்து கலந்த தண்ணீர். "ரெண்டும் தெளிவா இருக்கா?" என்று கேட்டேன். அதற்குள் மற்ற பெண்களும் மாப்பை ஊன்றிக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஒன்றை இன்னொன்றில் மெல்ல ஊற்றினேன். ஊற்ற ஊற்றத் தண்ணீர் வெளுத்து, கலங்கி, அடியில் பிசுபிசுவென்று படிந்தது.

"ஐயே! பால் திரிஞ்ச மாதிரி கீதே!" என்றார் அக்கா.

"சோப்பு எதிர்மின்சுமை. மருந்து நேர்மின்சுமை. கிருமிமேல போய் ஒட்ட வேண்டிய மருந்து சோப்புமேல ஒட்டிக்கிச்சு. இப்ப இதுல சோப்பும் இல்ல, மருந்தும் இல்ல."

அவர் குனிந்து விரலால் அந்தப் படிவைத் தொட்டார். கட்டைவிரலோடு சேர்த்து உரசினார். பிறகு நிமிர்ந்து ஃபுட் கோர்ட் தரையைப் பார்த்தார். "இந்தப் பிசுக்கத்தான் நான் தெனம் தேச்சிகினு இருந்தேனா?"

"ஆமாக்கா. மருந்தும் அளவுக்கு மேல. அதுவும் காய்ஞ்சு ஒட்டுது."

அத்தோடு விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப சோப்புப் போட்டுத் தொடச்ச தரைய நல்ல தண்ணில அலசாம மருந்து போட்டாலும் இதே கததானே?"

"ஆமா. முதல்ல சோப்பு, அப்புறம் வெறும் தண்ணி, அப்புறம்தான் மருந்து. மருந்து போட்டு உடனே துடைக்கவும் கூடாது. பத்து நிமிஷம் ஈரமா இருக்கணும்."

"அப்ப சோப்புல ஊறின இந்த மாப்பு? அத அப்டியே மருந்து பக்கெட்டுல முக்குறோமே?"

ஸ்டோரிலிருந்து சோதனைப் பட்டையை எடுத்துவந்தேன். மருந்துத் தண்ணீரில் நனைத்தால் பச்சையாகும் காகிதம் அது. பச்சை எவ்வளவு கரும்பச்சையோ, மருந்து அவ்வளவு. புதிதாகக் கலந்த பக்கெட்டில் நனைத்தோம், நல்ல பச்சை. நன்றாக அலசிய பருத்தி மாப்பை அதில் பத்து முறை முக்கிப் பிழிந்துவிட்டு மறுபடி நனைத்தோம். பச்சை வெளிறியிருந்தது. சோப்பே இல்லாத மாப்பு. பருத்தி நூலே மருந்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று எங்கோ படித்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அலமாரி நிறையப் பருத்தி மாப்பு வாங்க ஒப்புதல் கொடுத்திருந்தது நான்தான்.

"பரவால்ல டீச்சர்," என்று அக்கா என் தோளைத் தட்டினார். "உனக்கும் ஒண்ணு தெரியல, எனக்கும் ஒண்ணு தெரியல."

அடுத்த வாரம், பருத்தி அளவுக்கு மருந்தை இழுத்துக்கொள்ளாத மைக்ரோஃபைபர் மாப்பு வந்தது. தரை ஒட்டுவது நின்றது. அக்காவின் விரல் நுனிகள் உரிந்துகொண்டிருந்ததையும் அந்த டம்ளர் சோதனை அன்றுதான் கவனித்திருந்தேன். மாதக்கணக்காக வெறும் கையை மருந்தில் விட்டதன் பலன். அவர் அது மீன் செதில் அறுத்த பழைய கை என்றே நினைத்திருந்தார். கையுறை போட்டால் பிடி கிடைக்காது என்று சண்டை போட்டார். அவர் அளவுக்குச் சரியானதைத் தேடி எடுத்துக் கொடுத்த பிறகு போட்டுக்கொண்டார். இரண்டு வாரத்தில் தோல் ஆறிவிட்டது. ஆறிய கையை லிஃப்டில் வரும் சாஃப்ட்வேர் பெண்களிடமெல்லாம் காட்டினார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம்தான்.

புது கேன்கள் வந்திருந்த நாள். தண்ணீர் கலக்காத கெட்டி மருந்து, ஐந்து லிட்டர் கேன். தரையில் ஊற்றும் கலவை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கெட்டி மருந்து அப்படியல்ல. தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதை வகுப்பில் சொன்னவள் நான். கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று துப்புரவு அறைக் கதவில் எழுதி ஒட்டியவளும் நான். அன்று மேனேஜர் மேலே கூப்பிட்டிருந்தார். அதற்குள் ஒரு கேனைத் திறந்துவைத்துவிட்டுப் போகலாம் என்று அவசரம். பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, கைக்கெட்டும் தூரத்தில். மூடியின் கீழே இருந்த சீல் வரவில்லை. பேனாவால் நெம்பினேன். அது 'டப்'பென்று விட்டது. இடது கண்ணில் தெறித்தது.

முதலில் குளிர்ச்சி, பிறகு எரிச்சல். மிளகாய்த்தூள் விழுந்ததுபோல என்று சொல்லலாம், ஆனால் அதைவிட ஆழமாக. நான் கத்தவில்லை. கத்தக்கூட மறந்து, கண்ணைப் பொத்திக்கொண்டு "அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வாசலில் பக்கெட் கழுவிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயின் கீழே என் தலையைச் சாய்த்தார். எரிகிற கண் கீழே இருக்கும்படி முகத்தைத் திருப்பினார். இல்லாவிட்டால் தண்ணீரோடு மருந்து நல்ல கண்ணுக்கும் போய்விடும். இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் பிடித்தார். என் கண் மூடிக்கொள்ளப் பார்த்தது. அவர் விடவில்லை.

"அடியே, போன்ல டைம் வையி! பதினஞ்சு நிமிஷம்!" என்று யாருக்கோ கத்தினார்.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. "போதும்க்கா, சரியாயிடுச்சு," என்றேன்.

"இன்னா போதும்? கதவுல நீதான எழுதி ஒட்டிகீற? பதினஞ்சுன்னா பதினஞ்சு. சும்மா நில்லு."

"மேனேஜர் கூப்பிட்டாருக்கா..."

"அந்தாளு வரட்டும். அந்தாளு தலையயும் சேத்து வெக்கறேன்."

மூக்கிலும் காதிலும் தண்ணீர், முடி நனைந்து புடவை நனைந்து, கழுத்து மரத்துப்போய் அப்படியே நின்றேன். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தது. பத்தாவது நிமிடத்தில் மேனேஜர் உண்மையாகவே வந்துவிட்டார். "சார், கண்ல மருந்து. வண்டி ரெடி பண்ணுங்க. அந்த கேனு லேபிள போட்டோ எடுங்க, டாக்டர் கேப்பாரு," என்று அக்கா உத்தரவு போட்டார். மேனேஜர் போனை எடுத்தார். லேபிளின் படத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதும் நான் வகுப்பில் சொன்னதுதான். யாரும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

கேளம்பாக்கத்தில் கண் மருத்துவமனைக்கு அக்காவே கூட வந்தார். டாக்டர் இளம்பெண். விளக்கடித்துப் பார்த்து, மஞ்சள் சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்த்து, "மேலாப்ல லேசா சிராய்ப்பு மாதிரி இருக்கு. ஒரு வாரத்துல ஆறிடும். யார் கழுவினாங்க?" என்று கேட்டார்.

"நான்தாம்மா," என்றார் அக்கா. "நிமிஷம் எண்ணி."

"கரெக்டா பண்ணியிருக்கீங்க. அவசரப்பட்டு பாதில நிறுத்தியிருந்தா கஷ்டம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். ஒரு கண்ணில் பிளாஸ்திரியோடு சிரிப்பது வலித்தது. இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் கணவர் பயந்துவிட்டார். இரண்டு நாள் குவாட்டர் ஜோக் சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கண் ஆறியதும் புது ஆட்களுக்கு வகுப்பு. இந்த முறை ஸ்லைடு இல்லை. நடந்ததை அப்படியே சொன்னேன், பேனாவில் நெம்பியது உட்பட. சொல்லி முடித்ததும் அக்கா எழுந்து முன்னால் வந்தார். நான் கூப்பிடவில்லை. டம்ளர் இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். "நல்லா பாத்துக்கோ. இதுல சோப்பு, இதுல மருந்து," என்று தொடங்கினார். ஊற்றினார். தண்ணீர் திரிந்தது. புது ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகுதான் மருந்து, மாற்றி ஊற்றினால் தெறிக்கும். பிளீச்சிங்கோடும் ஆசிடோடும் சேர்க்கவே கூடாது. கேன் திறக்கும்போது கண்ணாடி இல்லாவிட்டால் கை உடையும் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியாகச் சொன்னது மட்டும் அவர் சொந்த விதி.

யாரோ ஒரு பெண், மிச்ச மருந்துத் தண்ணீரைப் பின்பக்கத்து மழைநீர்க் கால்வாயில் ஊற்றலாமா என்று கேட்டாள்.

"அது எங்கம்மா போவுது? அந்தாண்ட சதுப்புக்குதான? அங்க மீனு கீது. இது மீனுக்கு ஆவாது. சரியா டீச்சர்?"

"சரிதான்க்கா. மீனுக்கு, தவளைக்கு, பாசிக்கு எதுக்குமே ஆகாது. துப்புரவு அறைத் தொட்டியில மட்டும்தான் ஊத்தணும். அதுவும் கலந்ததை வீணாக்காம."

அதுவரை அந்தக் கால்வாயில் யார் யார் ஊற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே கால்வாய் மூடிமேல் ஒரு மீன் படம் வரையப்பட்டிருந்தது. சுண்ணாம்பில், பெரிய கண்ணோடு. சங்கரா மீனா, வஞ்சிரமா என்று கேட்டேன். "கண்ணு தெரியல உனக்கு? கொடுவா!" என்றார் அக்கா.

அந்த வருடக் கடைசியில் அக்காவை நாவலூர்ப் பக்கம் இன்னொரு கட்டடத்துக்குச் சூப்பர்வைசராகப் போட்டார்கள். எழுதுவது கொஞ்சம் தடுமாறும் என்று தயங்கினார். பதிவேடு எழுத அவர் கூடவே ஒரு பெண்ணை அனுப்பினோம். போன முதல் வாரம், காலை எட்டு மணிக்கு, நான் வேனில் வண்டலூர் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"டீச்சர், இங்க கொழந்தைங்க ரூம் ஒண்ணு கீது. வேலைக்கு வர்றவங்க பசங்கள வுட்டுட்டுப் போறாங்க. பொம்மையெல்லாம் வாயில வெச்சிக்கிதுங்க. மருந்துல தொடச்சா போதும்னு இந்த சார் சொல்றாரு. போதுமா?"

"போதாதுக்கா. மருந்து போட்டு, பத்து நிமிஷம் கழிச்சு, நல்ல தண்ணில கழுவிக் காயவெச்சுதான் குழந்தைங்க கையில கொடுக்கணும். வாய்க்குப் போற எதுக்கும் அப்படித்தான்."

"அதான் நானும் சொல்லிகினு கீறேன். நம்ப மாட்டேங்குறாரு. ஸ்பீக்கர்ல போடறேன், நீயே சொல்லு."

வேனில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் பாட்டை நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பின் தெரியாத அந்த சாருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.